எண்ணெயில் ஓடிய மென்பொருள்: சிட்ரோயன் டிஎஸ்ஸும் பென்ஸ் எஸ் கிளாஸும்

பழைய கார், புது கார்னு பேச்சு எடுத்தாலே நம்ம மக்கள் கிட்ட ஒரு ரெடிமேட் வசனம் தயாரா இருக்கும். "அந்தக் காலத்து வண்டியெல்லாம் சிம்பிள் சார். ஒரு ஸ்பேனர், ஒரு திருப்புளி இருந்தா ரோட்டோரத்துலயே சரி பண்ணிடலாம். இப்ப வர்றது எல்லாம் கம்ப்யூட்டர். நின்னு போச்சுன்னா லேப்டாப்போட தான் ஆள் வரணும்."

அம்பாசடரை மனசுல வெச்சுக்கிட்டுச் சொன்னா இது சரிதான். ஆனா எல்லாப் பழைய காருக்கும் இது பொருந்தாது. அம்பாசடர் நம்ம ஊருக்கு வர்றதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி, பாரிஸ்ல ஒரு கார் வந்தது. அந்தக் காலத்து மெக்கானிக்குகள் அதோட பானெட்டைத் திறந்து பாத்துட்டு, மூடி வெச்சுட்டுப் போயிருப்பாங்க. அவ்வளவு சிக்கல். அது தான் சிட்ரோயன் டிஎஸ்.

மெக்கானிக்கல் படிச்சுட்டுப் பொட்டி தட்ட வந்த லட்சக்கணக்கான பேர்ல அடியேனும் ஒருத்தன். கார் வாங்கற வசதி இல்லேன்னாலும் கார் பத்திப் படிக்கற வியாதி இன்னும் விடலை :-) அதனால இந்தப் பதிவுல, 1955-ல் வந்த டிஎஸ்ஸையும், 2020-ல் வந்த மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்திப் பாக்கலாம்னு ஒரு ஆசை. "எது வேகம், எது அழகு"ங்கற பட்டிமன்றம் இல்ல. ரெண்டும் ஒரே பிரச்சினையைத் தான் தீர்க்கப் பாத்தது. மேடு பள்ளமான ரோட்டுல, உள்ள உக்காந்திருக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாம எப்படிக் கூட்டிக்கிட்டுப் போறது? இதுக்கு ரெண்டு காரும் என்ன பதில் சொல்லுதுன்னு பாத்தா, நடுவுல இருக்கற 65 வருஷத்துல என்ன மாறிச்சு, என்ன மாறலைன்னு புரியும்.

அரங்கேற்றம்

1955 அக்டோபர் 5. பாரிஸ் மோட்டார் ஷோ. போர் முடிஞ்சு பத்து வருஷம் தான் ஆகியிருந்தது. சிட்ரோயன் அரங்குல டிஎஸ் 19 மாடலைக் காட்டினாங்க. முதல் 15 நிமிஷத்துல 743 ஆர்டர். அன்னிக்கு ராத்திரிக்குள்ள சுமார் 12,000. இத்தனைக்கும் வாங்கினவங்கள்ல யாரும் அதை ஓட்டிப் பாக்கலை.

பேரே ஒரு சிலேடை. ஃப்ரெஞ்சுல டி, எஸ் ரெண்டு எழுத்தையும் சேர்த்துச் சொன்னா "தேயெஸ்"னு கேக்கும். அப்படின்னா பெண் தெய்வம். கொஞ்ச நாள்லயே வசதிகளைக் குறைச்சு, விலையைக் குறைச்சு ஐடின்னு ஒரு தங்கச்சி மாடலும் விட்டாங்க. அதைச் சேர்த்துச் சொன்னா "எண்ணம்"னு அர்த்தம் வரும். குசும்பு புடிச்சவங்க!

இதை உருவாக்கினதுல முக்கியமானவங்க மூணு பேர். ஆந்த்ரே லெஃபெவ்ர், விமானத் துறையில இருந்து வந்த பொறியாளர். எடை, காத்து எதிர்ப்பு எல்லாத்தையும் விமானக்காரன் கண்ணால பாத்தவர். ஃப்ளமினியோ பெர்தோனி, இத்தாலிக்காரர், சிற்பி. டிஎஸ்ஸோட அந்த மீன் மாதிரி உருவம் அவர் கைவண்ணம். மூணாவது ஆள் தான் நம்ம கதாநாயகன். பால் மாஜெஸ். 17 வயசுல சிட்ரோயன்ல வேலைக்குச் சேர்ந்தவர். பொறியியல் பட்டம் எல்லாம் கிடையாது. 1940-கள்ல, ஃபிரான்ஸ் ஜெர்மன் பிடியில இருந்த காலத்துலயே, இரும்பு ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுட்டு எண்ணெயையும் வாயுவையும் வெச்சு சஸ்பென்ஷன் பண்ண முடியுமான்னு நோண்ட ஆரம்பிச்சவர். நாலு வருஷம் படிச்சு டிகிரி வாங்கின நம்மளை மாதிரி ஆளுங்க கொஞ்சம் தலையைக் குனிஞ்சுக்கலாம்.

சைக்கிள் பம்பும் ரப்பர் சவ்வும்

சைக்கிளுக்குக் காத்தடிக்கற பம்போட வாயை விரலால மூடிக்கிட்டு, கைப்பிடியை அழுத்திப் பாத்திருக்கீங்களா? முதல்ல லேசாப் போகும். போகப் போக இறுகும். கையை விட்டா திரும்ப மேல வரும். அடைபட்ட வாயு ஒரு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும். மாஜெஸ் பிடிச்சது இந்த விஷயத்தைத் தான்.

டிஎஸ்ல ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு இரும்பு உருண்டை, ஒரு சின்னத் தேங்காய் அளவுக்கு. உள்ள நடுவுல ரப்பர் சவ்வு. சவ்வுக்கு ஒரு பக்கம் நைட்ரஜன் வாயு, இன்னொரு பக்கம் எண்ணெய். சக்கரம் மேட்டுல ஏறினா ஒரு பிஸ்டன் எண்ணெயைத் தள்ளும். எண்ணெயை அமுக்க முடியாது, அது போய் வாயுவை அமுக்கும். வாயு திருப்பித் தள்ளும். எண்ணெய் போற வழியில சின்ன ஓட்டை வெச்சிருக்கறதால வண்டி ஆடிக்கிட்டே இருக்காம அடங்கும். அதனால ஷாக் அப்சார்பர்னு தனியா ஒண்ணு தேவையில்லை.

இது வரைக்கும் புத்திசாலித்தனம். இதுக்கு அப்புறம் வர்றது தான் எனக்கு வாய் பிளக்க வெச்சது.

அஞ்சு பேர் ஏறி, டிக்கியில மூட்டை முடிச்சு போட்டா எந்த வண்டியும் பின்னாடி உக்காரும். டிஎஸ்ஸும் உக்காரும், ஆனா சில நொடி தான். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணுன்னு ரெண்டு வால்வு இருக்கு. வண்டி உயரம் குறைஞ்சா வால்வு திறந்து, பம்புல இருந்து கூடுதல் எண்ணெய் உள்ள போகும். பழைய உயரம் வந்ததும் தானா மூடிக்கும். ஆள் இறங்கி வண்டி மேல எழும்பினா, அதிக எண்ணெய் டேங்குக்குத் திரும்பிடும். காலேஜ்ல கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர் எழுதினவங்களுக்கு (அரியர் வெச்சவங்களுக்கும் தான்) இது என்னன்னு தெரியும். இருக்க வேண்டிய அளவு எது, இப்ப இருக்கற அளவு எது, வித்தியாசத்தைப் பாரு, சரி பண்ணு. ஃபீட்பேக் லூப். ஒரு டிரான்சிஸ்டர் கூட இல்லாம.

சரி, ஒவ்வொரு குழியிலயும் சக்கரம் மேல கீழ போகுமே, வால்வு குழம்பிடாதா? குழம்பாது. மாஜெஸ் அந்த வால்வை வேணும்னே மந்தமாக்கி வெச்சிருக்கார். அதுக்குள்ளயும் எண்ணெய் மெதுவாக் கசிஞ்சு போனா தான் வால்வு நகரும். குழி அரை நொடியில முடிஞ்சிடும், வால்வு அசையாது. ஆள் ஏறி உக்காந்தது நிலைச்சு நிக்கும், வால்வு அசையும். நாம கோட்ல "சிக்னல் இத்தனை மில்லி செகண்ட் நிலைச்சு இருந்தா தான் நம்பு"ன்னு எழுதறோமே, அதே லாஜிக். அவர் அதை எண்ணெயில எழுதியிருக்கார்.

இன்ஜின்ல ஓடற ஒரே பம்ப், 150 பார் அளவுல அழுத்தம். அதே எண்ணெய் தான் சஸ்பென்ஷனுக்கும், ஸ்டீயரிங்குக்கும், பிரேக்குக்கும், கியர் மாத்தறதுக்கும். கிளட்ச் பெடல் கிடையாது. பிரேக்குக்கு பெடல் இல்ல, தரையில காளான் மாதிரி ஒரு ரப்பர் பொத்தான், அதை அமுக்கினா போதும். முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், பெரிய அளவுல தயாரிச்ச கார்கள்ல அப்ப அது ரொம்பப் புதுசு. பஞ்சர் ஆனா ஜாக்கி வேண்டாம். உள்ள ஒரு நெம்புகோல் இருக்கு. அதைத் தள்ளினா கார் எழுந்து நிக்கும், அடியில ஒரு முட்டுக் கொடுத்துட்டு எதிர்ப்பக்கம் தள்ளினா காரே சக்கரத்தை மேல இழுத்துக்கும்.

கம்பீரத்துல ஒரே ஒரு ஓட்டை, இன்ஜின். தட்டையா ஆறு சிலிண்டர் வெச்சு, காத்துலயே குளிர்ற ஒரு இன்ஜின் போடணும்னு திட்டம். அது தேறலை. கடைசியில பழைய ட்ராக்ஷன் அவான் காரோட 1,911 சிசி நாலு சிலிண்டர் இன்ஜினைத் தட்டிக் கொட்டிப் போட்டாங்க. 75 குதிரைத் திறன். எட்டு மணிக்கு ரிலீஸ், ஏழே முக்காலுக்கு ஒரு மாட்யூல் ரெடியாகலைன்னா நாம என்ன பண்ணுவோமோ அதே தான்.

பக் இல்லாத ரிலீஸ் உண்டா?

இப்படி ஒரு வண்டியை விட்டுட்டு நிம்மதியா இருக்க முடியுமா? முதல் ரெண்டு மூணு வருஷம் சிட்ரோயன் பட்ட பாடு கொஞ்சம் இல்ல. எண்ணெய் கசிவு. ஒரு இடத்துல அழுத்தம் போனா எல்லா வேலையும் கெடும். உள்ளூர் மெக்கானிக்குக்கு இது என்ன ஜந்துன்னே தெரியாது. அதை விடப் பெரிய பிரச்சினை, முதல்ல பயன்படுத்தின எண்ணெய் வகை ஈரத்தை உறிஞ்சும். உள்ள இருக்கற நுணுக்கமான வால்வெல்லாம் துரு பிடிக்கும். இதுக்குச் சரியான தீர்வு 1966-ல் தான் வந்தது. எல்ஹெச்எம்னு பச்சை நிறத்துல ஒரு மினரல் எண்ணெய். வெர்ஷன் 1 வந்து 11 வருஷம் கழிச்சு வந்த பேட்ச்!

"அந்தக் காலத்து வண்டி சிம்பிள்"னு சொல்றவங்களுக்காகத் தான் இதைச் சொல்றேன். 1955-ல் டிஎஸ் வாங்கினவர், 2020-ல் எஸ் கிளாஸ் வாங்கினவரை விட அதிகமாவே பயந்திருப்பார். அவர் தெருவுல இருந்த எல்லாப் பட்டறைக்கும் அது மூடின பெட்டி தான்.

ஆனா அந்தப் பெட்டிக்குப் பூட்டு இல்ல. சிட்ரோயன் தடி தடியா பழுதுபார்க்கும் கையேடு போட்டது. எந்தக் குழாய்ல எவ்வளவு அழுத்தம் இருக்கணும், எந்த வால்வை எப்படிச் சோதிக்கணும், எல்லாம் படத்தோட. உருண்டையைத் திருகித் திறந்து சவ்வை மாத்தி, வாயு நிரப்பி மறுபடி மாட்டலாம். பின்பக்க மட்கார்டைக் கழட்ட ஒரே ஒரு போல்ட். கத்துக்கணும்னு உக்காந்தவனுக்கு அது எல்லாத்தையும் காட்டிக் கொடுத்தது. அதனால தான் 60, 65 வயசான டிஎஸ் எல்லாம் இன்னிக்கும் ஓடிக்கிட்டிருக்கு.

பெத்தி க்ளமார், 1962

டிஎஸ்ஸைப் பத்தி எழுதிட்டு இதைச் சொல்லாம விட்டா பின்னூட்டத்துல அடி விழும்.

1962 ஆகஸ்ட் 22 சாயங்காலம். ஃபிரான்ஸ் ஜனாதிபதி சார்லஸ் தெ கோல், மனைவியோடயும் மருமகனோடயும் ஒரு கறுப்பு டிஎஸ்ல எலிசே மாளிகையில இருந்து வில்லாகூப்ளே விமான தளத்துக்குப் போறார். அல்ஜீரியாவுக்கு விடுதலை கொடுத்ததை ஏத்துக்க முடியாத ஓஏஎஸ் கும்பல் வழியில பெத்தி க்ளமார்ங்கற இடத்துல காத்திருந்தது. திட்டம் போட்டவர் ழான் மரி பாஸ்தியன் திரி, விமானப்படை லெப்டினன்ட் கர்னல், அவரும் ஒரு பொறியாளர். நூத்துக்கும் மேல குண்டு சுட்டாங்க. ரெண்டு டயர் காலி. டிரைவர் ஃப்ரான்சிஸ் மர்ரூ நிறுத்தலை, ஆக்சிலரேட்டரை மிதிச்சார். வண்டி தடுமாறி, நேராகி, விமான தளம் வரைக்கும் போயிடுச்சு. உள்ள இருந்த யாருக்கும் குண்டு படலை. பாஸ்தியன் திரிக்கு 1963 மார்ச் 11-ல் மரண தண்டனை நிறைவேத்தினாங்க. ஃப்ரெட்ரிக் ஃபோர்சைத் எழுதின "தி டே ஆஃப் த ஜக்கால்" நாவலுக்கு அடிப்படையே இந்தச் சம்பவம் தான்.

காரால தான் பிழைச்சார்னு முழுசாச் சொல்லிட முடியாது. மர்ரூவோட திறமை இருக்கு, அதிர்ஷ்டமும் இருக்கு. ஆனா முன்சக்கரத்துல இழுக்கற வண்டி, டயர் போனாலும் உடம்பைச் சமமாத் தாங்கற சஸ்பென்ஷன், ரெண்டும் கை கொடுத்ததுங்கறதுல சந்தேகம் இல்ல. டிஎஸ்ல மூணு சக்கரத்துலயே வண்டியை ஓட்டிக் காட்டினவங்க உண்டு.

65 வருஷம் கழிச்சு

இப்ப பென்ஸ் பக்கம் வருவோம். டபிள்யூ 223ங்கற எஸ் கிளாஸ் 2020 செப்டம்பர்ல வந்தது. எஸ் 500 மாடல்ல 3 லிட்டர், ஆறு சிலிண்டர், 435 குதிரைத் திறன். டிஎஸ்ஸை விட கிட்டத்தட்ட ஆறு மடங்கு. எடை ரெண்டு டன்னை ஒட்டி. டிஎஸ் 19-ஓட எடை ஒண்ணேகால் டன் தான். ஆனா ஒரு கணக்கைப் பாத்து அசந்துட்டேன். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற தூரம் டிஎஸ்ல 3,125 மி.மீ. எஸ் கிளாஸோட சின்ன வடிவத்துல 3,106 மி.மீ. அதாவது 1955 கார் 19 மி.மீ. நீளம்! உள்ள கால் நீட்டி உக்காரணும்னா என்ன செய்யணும்ங்கறது அப்பவே தெரிஞ்சிருக்கு.

எஸ் கிளாஸ்ல கூடுதல் காசு கொடுத்தா இ-ஆக்டிவ் பாடி கன்ட்ரோல்னு ஒரு சஸ்பென்ஷன் கிடைக்கும். காத்து ஸ்பிரிங், அதோட ஒவ்வொரு சக்கரத்துலயும் 48 வோல்ட் மோட்டார்ல ஓடற ஹைட்ராலிக் பம்ப். அஞ்சு பிராசசர், இருபதுக்கும் மேல சென்சார், முன்னாடி ரோட்டைப் பாக்க ஸ்டீரியோ கேமரா. நொடிக்கு 1,000 தடவை நிலைமையைக் கணக்குப் போடும். பக்கவாட்டுல வேற வண்டி வந்து மோதப் போகுதுன்னு தெரிஞ்சா, ஒரு நொடிக்குள்ள வண்டியோட உடம்பையே 8 செ.மீ. வரைக்கும் தூக்கிடும். கதவுல விழ வேண்டிய அடி, கீழ இருக்கற கெட்டியான சட்டத்துல விழட்டும்னு.

பாத்தீங்களா? எண்ணெய், வாயு, பம்ப். மாஜெஸோட சாமான் எல்லாம் அப்படியே இருக்கு. மாறினது யோசிக்கற இடம் தான். அங்க வால்வோட வடிவமே புரோகிராம். இங்க புரோகிராம் சிப்புக்குள்ள. மாஜெஸோட வால்வு நடந்து முடிஞ்சதுக்கு பதில் சொல்லும். பென்ஸ், குழி வர்றதுக்கு முன்னாடியே தயாராகும்.

விளக்கும் அதே கதை தான். 1967-ல் டிஎஸ்ஸோட உள்பக்க ஹெட்லைட் ரெண்டும் ஸ்டீயரிங் திரும்பற பக்கம் திரும்பிச்சு, வளைவுல ரோடு தெரியறதுக்காக. இணைப்பு வெறும் கேபிள். அமெரிக்காவுல சட்டம் இடம் கொடுக்காததால அங்க போன வண்டிக்கு அந்த வசதி இல்ல. எஸ் கிளாஸோட டிஜிட்டல் லைட்ல ஒவ்வொரு விளக்குலயும் 13 லட்சம் குட்டிக் கண்ணாடி. எதிர்ல வர்றவர் கண்ணுல படற ஒளியை மட்டும் வெட்டி எடுத்துட முடியும்.

பாதுகாப்புன்னு வந்தா போட்டியே இல்ல. ஏபிஎஸ், ஏர்பேக்னு இன்னிக்கு நாம சாதாரணமா நினைக்கற பலது பெரிய பென்ஸ் கார்கள் மூலமாத் தான் தெருவுக்கு வந்தது. 2020 எஸ் கிளாஸ்ல பின் சீட்டுல இருக்கறவங்களுக்கு முன்பக்கம் விரியற ஏர்பேக் கூட உண்டு. குடும்பத்தோட ராத்திரி ஹைவேயில போகணும், எந்தக் கார்னு கேட்டா கண்ணை மூடிக்கிட்டு பென்ஸைத் தான் சொல்வேன். பழசு மேல காதல் இருக்கலாம், அதுக்காக உயிரைப் பணயம் வைக்க முடியாது.

அப்போ என்ன தான் பிரச்சினை?

சாவி யார் கையிலங்கறது தான்.

எஸ் கிளாஸோட மின்சாரத் தம்பி ஈக்யூஎஸ் 2021-ல் வந்தது. அதுல பின்சக்கரமும் திரும்பும். ஜெர்மனியில பென்ஸ் ஒரு ஏற்பாடு அறிவிச்சது. சாதாரணமா 4.5 டிகிரி திரும்பும். 10 டிகிரி வேணும்னா வருஷத்துக்கு 489 யூரோ சந்தா. திருப்பற மோட்டார் ஏற்கனவே வண்டிக்குள்ள இருக்கு. காசு கொடுத்து வாங்கினவரோட ஷெட்ல இருக்கு. மிச்ச 5.5 டிகிரி மட்டும் சாஃப்ட்வேர் பூட்டுக்குப் பின்னால. நாம எல்லாரும் லைசென்ஸ் கீ அடிச்சுப் பழகினவங்க தானே, நமக்கு இது புதுசா தெரியாது. ஆனா மாஜெஸ் கிட்ட போய் "வால்வு பாதி திறக்கும், மீதிக்கு மாசாமாசம் பணம் கட்டணும்"னு சொல்லியிருந்தா என்ன நினைச்சிருப்பார்?

அடுத்தது ஆயுசு. 2022-ல் அமெரிக்காவுல 3ஜி நெட்வொர்க்கை மூடினப்போ, பல கார்கள்ல விபத்து நடந்தா தானா உதவி கூப்பிடற வசதி நின்னு போச்சு. வண்டியில ஒரு பழுதும் இல்ல, அந்தப் பக்கம் பதில் சொல்ல ஆள் இல்ல, அவ்வளவு தான். எங்க ஆபீஸ்லயே அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி முடிஞ்ச ஒரு புராஜெக்டைத் திரும்ப பில்ட் பண்ணச் சொன்னாங்க. பழைய கம்பைலரைத் தேடி, லைப்ரரியைத் தேடி, எழுதினவங்களைத் தேடி, ரெண்டு வாரம் ஓடிப் போச்சு. அஞ்சு வருஷத்துக்கே இந்த கதி. அஞ்சு பிராசசர்ல ஓடற ஒரு சஸ்பென்ஷன், 2085-ல் ஓடணும்னா என்ன பண்ணுவாங்க?

நியாயமா எதிர்த்தரப்பையும் சொல்லணும். பூட்டுக்குக் காரணம் பேராசை மட்டும் இல்ல. 2015-ல் சார்லி மில்லர், கிறிஸ் வலசெக்னு ரெண்டு பேர், ஓடிக்கிட்டிருந்த ஒரு ஜீப் செரோக்கியை இன்டர்நெட் வழியாவே கட்டுப்படுத்திக் காட்டினாங்க. 14 லட்சம் வண்டியைத் திரும்ப அழைக்க வேண்டியதாச்சு. டிஎஸ்ஸோட பிரேக்கைக் கெடுக்கணும்னா கையில ஆயுதத்தோட நேர்ல போகணும். இப்ப வேற ஊர்ல உக்காந்துக்கிட்டே முடியும். கதவே வேண்டாம்னு சொன்னா அது முட்டாள்தனம்.

ஆனா கதவுக்குப் பூட்டு வேணும்ங்கறது வேற, சாவி கம்பெனி கிட்ட மட்டும் தான் இருக்கும்ங்கறது வேற. அமெரிக்காவோட மாசசூசெட்ஸ் மாநிலத்துல இந்தச் சண்டை வாக்கெடுப்பு வரைக்கும் போச்சு. 2012-ல் ஒரு தடவை, வண்டியில இருந்து கம்பியில்லாம போற தகவலுக்காக 2020-ல் இன்னொரு தடவை. ரெண்டு தடவையும் ஜனங்க, "வண்டி என்னுது, தகவலும் எனக்கும் என் மெக்கானிக்குக்கும் வேணும்"னு ஓட்டுப் போட்டாங்க. விற்பனை நின்னு குறிப்பிட்ட வருஷம் ஆனதும், கையேடும் சோதனை மென்பொருளும் சாவியும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கணும்னு சட்டம் சொன்னா என்ன குறைஞ்சிடும்? கோட் எழுதறவனாச் சொல்றேன், இது தொழில்நுட்பத்துல முடியாத காரியம் இல்ல.

தெய்வத்துக்கு என்ன ஆச்சு?

இவ்வளவு புத்திசாலித்தனமும் சிட்ரோயனைக் காப்பாத்தலை. புதுசு புதுசா செலவு பண்ணிக்கிட்டே போனாங்க. எண்ணெய் நெருக்கடி வந்தது. 1974-ல் கம்பெனி திவால், பெஜோ கைக்குப் போச்சு. 1975 ஏப்ரல் 24-ல் கடைசி டிஎஸ் வெளிய வந்தது. மொத்தம் 14,55,746 கார். ஜாவெல் தொழிற்சாலை இருந்த இடம் இப்ப ஒரு பூங்கா, ஆந்த்ரே சிட்ரோயன் பேர்ல. மாஜெஸோட எண்ணெய் சஸ்பென்ஷன் பல தலைமுறை மாறி, 2017-ல் சி5 காரோட முடிஞ்சது. ரோல்ஸ் ராய்ஸே 1965-ல் சில்வர் ஷேடோவுக்காக லைசென்ஸ் வாங்கின சமாச்சாரம் அது!

அதே 2017-ல் இன்னொரு வேடிக்கை. பெஜோ-சிட்ரோயன் குழுமம் அம்பாசடர்ங்கற பேரை 80 கோடி ரூபாய்க்கு வாங்கிச்சு. 2022-ல் திருவள்ளூர்ல தயாரான சிட்ரோயன் சி3 விற்பனைக்கு வந்தது. உலகத்துலயே சிக்கலான சஸ்பென்ஷனைப் பண்ணின கம்பெனியும், பட்டை ஸ்பிரிங்ல காலம் தள்ளின நம்ம அம்பியும் ஒரே வீட்டுக்கு வந்து சேர்ந்துட்டாங்க. விதி.

சிக்கலான இயந்திரத்தைப் பாத்து நாம பயப்பட வேண்டாம்ங்கறது தான் டிஎஸ் எனக்குச் சொல்ற சேதி. மனுஷன் கத்துக்குவான். பட்டறைக்காரர் எண்ணெய் அழுத்தத்தைக் கத்துக்கிட்டார், நாளைக்கு அவர் பேரன் கோடும் கத்துக்குவான். கத்துக்க விடணும், அவ்வளவு தான். எஸ் கிளாஸ் டிஎஸ்ஸை விட எல்லா வகையிலயும் நல்ல கார். டிஎஸ் மாதிரி வயசாக அதுக்கு அனுமதி கிடைக்குமாங்கறது மட்டும் தான் என் கேள்வி. அந்த அனுமதியைக் கொடுக்கறதோ மறுக்கறதோ, நம்மளை மாதிரி பொட்டி தட்டறவங்க எழுதற நாலு வரி தான்.

டிஸ்கி 1: ரெண்டு காரையும் நான் ஓட்டினதில்லை. ரெண்டுல எதையாவது யாராவது ஓட்டியிருந்தா, அனுபவத்தைப் பின்னூட்டத்துல கொட்டவும். வயித்தெரிச்சலோட படிச்சுக்கறேன் :-)

டிஸ்கி 2: "அம்பாசடரைக் கிண்டல் பண்ணிட்டே"ன்னு கும்ம வர்றவங்களுக்கு: அம்பி மேல எனக்கு மரியாதை உண்டு. அதுக்குத் தனிப் பதிவு இருக்கு, ஆணி குறைஞ்சதும் வரும்.